ஐயம் தீர்ப்பாகலாமா?

ஒருவன் குற்றம் செய்தான் என்று அறிவது வேறு; செய்திருப்பான் என்று ஐயுறுவது வேறு; செய்யக்கூடியவன் என்று முடிவு கட்டுவது வேறு. இம்மூன்றையும் பிரித்தறிவதே நீதியின் முதற்படி. இவை ஒன்றோடொன்று கலந்துவிட்டால் என்ன நேரும் என்பதை அண்மைக் கால வரலாறே நமக்குக் காட்டுகிறது. சீன நாட்டில் பொதுவுடைமைக் கட்சி 1949இல் ஆட்சிக்கு வந்தது. அக்கட்சியின் ஆட்சி வேரூன்றிய தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். ஓர் அரசியற் கொள்கையைப் பழிப்பதும் மற்றொன்றைப் புகழ்வதும் நம் நோக்கமல்ல. பகைவர் நடுவே இருக்கும் ஓர் அரசு, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, ஐயத்தையே தீர்ப்பாகக் கொள்ளலாமா என்பதே நம் வினா.

முதலில் அவ்வரசின் பக்கம் நின்று பேசுவதே முறை. 1949 அக்டோபர் 1ஆம் நாள் மக்கள் சீனக் குடியரசு அறிவிக்கப்பட்டபோது உள்நாட்டுப் போர் முற்றும் ஓய்ந்திருக்கவில்லை. தோற்ற கோமிங்டாங் கட்சியினர் தைவான் தீவுக்குச் சென்று, மீண்டும் வருவோம் என்று சூளுரைத்தனர். நாட்டின் தெற்கிலும் தென்மேற்கிலும் ஆயுதக் குழுக்கள் திரிந்தன. பல ஊர்களில் புதிய அரசின் ஊழியர்கள் கொல்லப்பட்டனர். 1950 அக்டோபரில் சீனப் படைகள் கொரியப் போரில் புகுந்தன. ஆகவே பகைவர் என்பது வெறுங்கற்பனை அன்று. உண்மையான ஒற்றர்களும், ஏழை உழவரை வதைத்து வாழ்ந்த கொடியவர்களும் இருந்தனர். இதனை மறைத்துவிட்டு எழுதுவோமாயின், நாம் கேட்கும் வினா மிக எளிதாகிவிடும். பகைவரே இல்லாத இடத்தில் பகைவரைத் தேடுவது மடமை என்று யாவரும் சொல்வர். பகைவர் சிலர் உண்மையாகவே உள்ள இடத்தில் என்ன செய்வது என்பதே கடினமான வினா.

இவ்வினாவுக்கு அக்கட்சி அளித்த விடை 1949க்கு முன்னரே உருப்பெற்றுவிட்டது. கட்சி நாட்டை ஆளத் தொடங்குமுன் மலைநாடுகளில் சிறு சிறு பகுதிகளை ஆண்டு வந்தது. அவற்றுள் ஒன்று தெற்கேயுள்ள ஜியாங்சி மாநிலத்தில் இருந்தது. அங்கே 1930ஆம் ஆண்டில், ‘ஏ.பி. கழகம்’ என்னும் பொதுவுடைமை எதிர்ப்புக் குழுவினர் கட்சிக்குள்ளும் செம்படைக்குள்ளும் ஊடுருவிவிட்டனர் என்ற ஐயம் எழுந்தது. அக்கழகம் சில ஆண்டுகளுக்கு முன் கோமிங்டாங் கட்சியினர் சிலரால் தொடங்கப்பெற்று, விரைவிலேயே கலைந்து போன ஒன்று. எனினும் தேடுதல் தொடங்கிற்று. பிடிபட்டவர் வதைக்கப்பட்டனர். வதை தாங்காமல் அவர்கள் சில பெயர்களைச் சொன்னார்கள். அப்பெயருடையோர் பிடிக்கப்பட்டு, அவர்களும் சில பெயர்களைச் சொன்னார்கள். செம்படைக்குள் மட்டும் 4,400க்கும் மேற்பட்ட எதிரிகள் கண்டறியப்பட்டனர் என்று அப்போதைய தலைமையே அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஃபூட்டியன் என்னும் ஊரில், பிடிபட்டிருந்த தோழர்களைப் படைப்பிரிவு ஒன்று வலிந்து விடுவித்தது. விடுவித்த குற்றத்திற்காக, பின்னர் அப்படைப்பிரிவின் தலைவர்களே எதிரிகள் எனக் கொல்லப்பட்டனர். ஊடுருவல் என்று சொல்லப்பட்டது உண்மையில் இல்லை என்று கட்சி வரலாற்றாசிரியர்களே பிற்காலத்தில் முடிவு கண்டனர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஐயம் இயங்கும் முறை. குற்றம் சாட்டப்பெற்றவன் ஒப்புக்கொண்டால், அவனே ஒப்புக்கொண்டான் என்றனர். மறுத்தால், தேர்ந்த ஒற்றன் மறுக்கத்தானே செய்வான் என்றனர். அவனுக்காக ஒருவன் பரிந்து பேசினால், அவனும் அக்கூட்டத்தான் என்றனர். எந்தச் சொல்லும், மௌனமுங்கூட, குற்றத்தையே மெய்ப்பிக்குமாயின் அங்கே நடப்பது விசாரணை அன்று. உண்மையை நாடுபவன், தான் பிழைபட்டிருந்தால் அதனைத் தனக்குக் காட்டக்கூடிய வழி ஒன்றையாவது திறந்து வைத்திருப்பான். ஐயம் அவ்வழிகளை யெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிடுகிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இதே நிகழ்ச்சி வடமேற்கே யெனான் நகரில் மீண்டும் நடந்தது. அங்கே கட்சித் தலைமை குடியேறியிருந்தது. 1942இல் வாங் ஷிவெய் என்னும் எழுத்தாளர், தலைவர்களுக்கு ஒரு தரமான உணவும் உடையும், ஏனையோருக்கு வேறு தரமும் என்ற வேறுபாடு எதற்கு என்று எழுதினார். எழுத்துக்கு எழுத்தால் விடை வரவில்லை. அவர் மாற்றுக் கட்சியின் கையாள் என்றும் ஒற்றர் என்றும் முத்திரை குத்தப்பெற்றார். 1943இல் சிறைப்பட்டு, 1947இல் கொல்லப்பட்டார். அதே 1943இல் பாதுகாப்புத் துறைத் தலைவர் காங் ஷெங் ‘வழிதவறியோரை மீட்டல்’ என்ற பெயரால் ஓர் இயக்கத்தை நடத்தினார். பெயர் கருணையுடையது, செயல் அவ்வாறில்லை. உறக்கம் மறுத்தும் அச்சுறுத்தியும் இளைஞர் பல்லாயிரவரிடம் ஒப்புதல் வாங்கப்பட்டது. சுயிதே என்னும் ஊரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில், பதின்ம வயதுப் பிள்ளைகள் பெருங்கூட்டத்தின் முன் மேடையேறி, தாம் எதிரியின் ஒற்றர் என்று சொன்னார்கள். ஆசிரியராகப் போகும் பிள்ளைகள் கற்ற முதற்பாடம், பொய்யைக் கண்ணீருடன் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்பதாக இருந்தது. பின்னர் மறு ஆய்வு நடந்தபோது பெரும்பாலோர் குற்றமற்றவர் என்று தெரிந்தது. இவ்வளவையும் நேரிற் கண்டவர்களே சில ஆண்டுகளில் பெருநாட்டின் ஆட்சியை ஏற்றார்கள்.

1950 அக்டோபர் 10ஆம் நாள், ‘எதிர்ப்புரட்சியாளரை ஒடுக்குதல்’ பற்றிய கட்டளை கட்சித் தலைமையிலிருந்து பிறந்தது. 1951 பிப்ரவரி 21ஆம் நாள் இதற்கெனச் சட்டமும் வெளியாயிற்று. அதில் 21 பிரிவுகள் இருந்தன. சட்டம் பிறப்பதற்கு முன் செய்த செயலுக்கும் அச்சட்டத்தால் தண்டனை தரலாம் என்றது ஒரு பிரிவு. சட்டத்தில் சொல்லப்படாத செயலாயினும், சொல்லப்பட்ட ஒன்றோடு ஒத்ததாகக் கருதித் தண்டிக்கலாம் என்றது வேறொரு பிரிவு. ஊர்தோறும் குற்றஞ்சாட்டும் கூட்டங்கள் நடந்தன. அண்டை அயலார்மேல் புகார் எழுதிப் போடப் பெட்டிகள் வைக்கப்பட்டன. 1951 ஏப்ரல் 27ஆம் நாள் இரவு, ஷாங்காய் நகரில் மட்டும் 8,000க்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர்.

இவ்வியக்கத்தில் எல்லாவற்றினும் நம் நெஞ்சை உறுத்துவது ஓர் எண். 1951 பிப்ரவரியில் கட்சித் தலைமை கூடி, மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில் மரணதண்டனை தரலாம். முதலில் அதிற் பாதியளவு தண்டித்துவிட்டுப் பின்னர் நிலைமையைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தது. தலைவர் மா சே துங் மாநிலங்களுக்கு விடுத்த செய்திகளில் இவ்விகிதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அன்றைய சீனத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 கோடி. ஆயிரத்துக்கு ஒருவர் என்றால் ஐந்தரை இலட்சம் உயிர்கள். அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்பது தெரியுமுன்னரே அவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிட்டது. பல இடங்களில் அதிகாரிகள் அவ்வெண்ணையும் தாண்டிச் சென்றனர். 1954இல் பொதுப் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் அளித்த அறிக்கையின்படி, கொல்லப்பட்டோர் 7,12,000 பேர். சிறைப்பட்டோர் 12,90,000 பேர். மக்கள் கண்காணிப்பில் வைக்கப்பட்டோர் 12,00,000 பேர். இவை பகைவர் கூறிய கணக்கல்ல. அரசே தனக்கென எழுதிக்கொண்ட கணக்கு.

பள்ளி வகுப்பறையில் பல்லாண்டு நின்றவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒரு வகுப்பில் எழுதுகோல் ஒன்று காணாமற் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவன் யார் என்று ஆசிரியர் உசாவுவது இயல்பு. ஆனால் தலைமையாசிரியர் வந்து, “நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு திருடர் இருந்தே தீர்வர், மாலைக்குள் இருவர் பெயரை எழுதித் தாருங்கள்” என்று சொன்னால் என்ன ஆகும்? அன்று மாலை ஆசிரியர் இரண்டு பெயர்களை எழுதித் தருவார். அவை ஏழைப் பிள்ளையின் பெயராகவோ, கேள்வி கேட்கும் பிள்ளையின் பெயராகவோ, பேசத் தெரியாத பிள்ளையின் பெயராகவோ இருக்கும். எழுதித் தராத ஆசிரியர், திருடருக்குத் துணைபோனவர் என்ற பெயரைத் தாம் ஏற்க வேண்டிவரும். அங்கே எழுதுகோலை யாரும் தேடுவதில்லை. எண்ணை நிரப்புவதே வேலையாகிறது. எண் முன்னே வந்துவிட்டால் குற்றம் அதன் பின்னே தேடிக் கொணரப்படும் ஒரு பொருளாகிவிடும்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறுவாரும் உளர். எண்ணை வகுத்தது கொலையை மிகுவிக்க அன்று, கட்டுப்படுத்தவே என்பர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. 1951 மே மாதத்தில் பிடியாணைக்கும் கொலைத்தண்டனைக்கும் இசைவு தரும் அதிகாரம் கீழ்நிலை அதிகாரிகளிடமிருந்து மேல்நிலைக்கு மாற்றப்பட்டது. மரணதண்டனை விதித்து இரண்டாண்டு நிறுத்திவைக்கும் முறையும் அப்போதுதான் தோன்றிற்று. அது இன்றும் அந்நாட்டுச் சட்டத்தில் உள்ளது. ஆயினும் இம்மறுப்பு நம் வினாவுக்கு விடையாகாது. குற்றமற்றவர் பத்துப் பேரைக் கொல்லாமல் ஐந்து பேரைக் கொல்வது, ஐந்து உயிர்களைக் காப்பதுதான். எஞ்சிய ஐவருக்கும் அது நீதி ஆகாது. வரம்பு கட்ட வேண்டியது எண்ணுக்கன்று, ஐயத்துக்கு. ஒவ்வொருவருக்கும் அவர் செய்தது இன்னது என்று காட்டிய பின்னரே தண்டனை என்றிருந்தால், எந்த எண்ணும் தேவைப்பட்டிருக்காது.

ஆயுதம் ஏந்தியவரை ஒடுக்குவதில் தொடங்கிய இவ்வழக்கம், சில ஆண்டுகளில் எழுதுகோல் ஏந்தியவரிடம் வந்து நின்றது. ஹூ ஃபெங் பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுடைய கவிஞர், திறனாய்வாளர். கலை இலக்கியத்தில் கட்சி அதிகாரிகளின் கட்டுப்பாடு மிகுதி என்று கருதினார். 1954இல் தம் கருத்தை மூன்று இலட்சம் எழுத்துகள் கொண்ட நீண்ட அறிக்கையாக எழுதிக் கட்சித் தலைமையிடமே அளித்தார். மறைவாகச் செய்த செயல் எதுவும் அதில் இல்லை. ஆனால் அவருடைய பழைய நண்பர் ஷூ வூ என்பாருக்கு அவர் முன்பு எழுதிய கடிதங்கள் அதிகாரிகளின் கைக்குச் சென்றன. 1955 மே மாதத்தில் அவை மக்கள் நாளேட்டில் வெளியாயின. நண்பனுக்கு நண்பன் மனம் திறந்து எழுதிய சலிப்பும் ஏளனமும், சதியின் சான்றுகள் என விளக்கம் பெற்றன. ஹூ ஃபெங்கும் அவர் மனைவியும் சிறைப்பட்டனர். 2,100 பேருக்கு மேற்பட்டோர் விசாரணைக்கு உள்ளாயினர். 92 பேர் பிடிக்கப்பட்டனர். பின்னர் அலுவலகங்கள் அனைத்திலும் மறைந்திருக்கும் எதிரிகள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் இருப்பர் என்ற மதிப்பீட்டுடன் தேடுதல் விரிந்தது. ஆயிரத்துக்கு ஒருவர் என்ற எண் நூற்றுக்கு ஐவராக வளர்ந்துவிட்டது.

அந்த மே மாதம் 25ஆம் நாள், எழுத்தாளரும் கலைஞருமாக 700 பேர் பீகிங்கில் கூடி ஹூ ஃபெங்கைக் கண்டித்தனர். ஒருவர்பின் ஒருவராகப் பேசினர். அப்போது லூ யிங் என்னும் அறிஞர் மேடையேறினார். அவர் ஹூ ஃபெங்கின் குழுவைச் சேர்ந்தவரும் அல்லர். ஹூ ஃபெங்கிடம் உள்ளது கருத்து வேறுபாடே அன்றி, அரசியல் துரோகம் அன்று என்ற பொருளில் பேசத் தொடங்கினார். கூச்சல் எழுந்தது, அவர் மேடையிலிருந்து இழுத்து அகற்றப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு வீட்டுக்குள்ளேயே தனிமைப்படுத்தி விசாரிக்கப்பட்டார். பிற்காலத்தில் மீண்டும் பிடிபட்டு, 1969இல் காவலிலேயே இறந்தார்.

இவ்வரலாற்றில் வலிமை படைத்த தலைவர்களைக் காட்டிலும் லூ யிங்கை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஹூ ஃபெங்கின் கருத்துச் சரி என்று அவர் வாதிடவில்லை. கருத்துப் பிழையும் குற்றமும் ஒன்றல்ல என்று மட்டுமே சொன்னார். அறிவுடையோர் 700 பேர் கூடிய அவையில், யாவரும் அறிந்த இவ்வெளிய உண்மையைச் சொல்ல ஒருவரே இருந்தார். ஏனையோர் எல்லாரும் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் அஞ்சினர். அச்சம் மனித இயல்பு. அதற்காக அவர்களை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. எனினும் ஒரு தீமையில் செய்தவர், செய்வித்தவர், உடன்பட்டவர் என மூவகையினர் உண்டு என்பதை நாம் அறிவோம். கை தட்டியவர் துப்பாக்கியை ஏந்தவில்லை. ஆயினும் அவர்தம் கையொலி இன்றி அத்துணைப் பெருந்தீமை நடந்திருக்க இயலாது. ஆயிரக்கணக்கான ஊர்களில் பெயர் எழுதிக் கொடுத்தவர், கூட்டத்தில் கை உயர்த்தியவர், அண்டை வீட்டார் இரவில் கொண்டு செல்லப்பட்டபோது கதவைச் சாத்திக்கொண்டவர் ஆகியோரின் சிறு சிறு உடன்பாடுகளே அப்பேரியக்கத்தைத் தாங்கிய தூண்கள்.

1957ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில், குறைகளை எடுத்துச் சொல்லுங்கள் என்று கட்சியே அறிஞர்களை அழைத்தது. சொன்னார்கள். ஜூன் 8ஆம் நாள் காற்றுத் திசை மாறிற்று. சொன்னவர் ‘வலதுசாரிகள்’ எனப்பட்டனர். மீண்டும் விகிதக் கணக்கு வந்தது. ஒவ்வொரு கல்லூரியும் அலுவலகமும் தன் பங்கைக் காட்ட வேண்டியிருந்தது. 5,50,000க்கும் மேற்பட்டோர் முத்திரை குத்தப்பெற்றனர். ஆசிரியர் மிகப் பலர் அவர்களுள் இருந்தனர். வேலை இழந்தோர், மனைவி மக்களைப் பிரிந்தோர், உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டோர் பலர். கான்சு மாநிலத்துப் பாலைநிலத்தின் விளிம்பில் ஜியாபியான்கோ என்னும் முகாமுக்குச் சென்ற ஏறத்தாழ 3,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர், பஞ்சக் கொடுமையில் பட்டினியால் மாண்டனர். தந்தையின் முத்திரை பிள்ளையின் கல்வியையும் தடுத்தது.

பின்னர் என்ன ஆயிற்று? மாவோ 1976இல் மறைந்தார். 1978 முதல் ஹூ யாவ்பாங் போன்றோரின் முயற்சியால் பழைய வழக்குகள் மறு ஆய்வு செய்யப்பட்டன. 1980க்குள், வலதுசாரி எனப்பட்டவருள் 5,40,000 பேருக்கு மேற்பட்டோரின் முத்திரை தவறென்று நீக்கப்பட்டது. நூற்றுக்கும் குறைவானவர்க்கே அது நிலைத்தது. எனினும் அவ்வியக்கம் தேவையானதே, அளவுக்கு மீறி விரிந்ததே பிழை என்று கட்சி முடிவு கூறிற்று. ஐந்தரை இலட்சத்தில் நூறு பேர் தவிர மற்றவர் குற்றமற்றவர் என்றான பின்னும், தேடியது சரி என்று சொல்ல முடிகிறதே, அது எவ்வாறு? எண்ணை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பிழையும் எண்ணிக்கைப் பிழையாகவே தோன்றும் போலும். ஹூ ஃபெங் 1979இல் விடுதலை பெற்றார், உள்ளம் சிதைந்து நோயுற்றிருந்தார், 1985இல் இறந்தார். அவர்மேல் சுமத்திய பழி முழுமையாக நீங்கியது 1988இல். வாங் ஷிவெய் ஒற்றர் அல்லர் என்று அரசு அறிவித்தது 1991இல். கொல்லப்பட்டு 44 ஆண்டுகள் கழிந்தபின். ‘எதிர்ப்புரட்சி’ என்ற குற்றப்பெயரே 1997இல் சீனத் தண்டனைச் சட்டத்திலிருந்து அகற்றப்பட்டது; அரசின் பாதுகாப்புக்கு ஊறு செய்தல் என்ற வேறு பெயர் அவ்விடத்தில் அமர்ந்தது.

இங்கே நம் சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினையாதிருக்க இயலவில்லை. பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான். அது ஐயத்தைத் தீர்ப்பாக்கிய செயலே. ஆனால் கண்ணகியின் சிலம்பு உடைந்து உள்ளிருந்த பரல் தெறித்தபோது, தன் நோக்கம் நல்லது என்றோ, நாட்டில் திருடர் மிகுதி என்றோ அவன் பேசவில்லை. தானே கள்வன் என்றுணர்ந்து அரியணையிலேயே உயிர்விட்டான். எல்லா அரசரும் உயிர்விட வேண்டும் என்பதன்று நாம் சொல்வது. ஒரு கோவலனுக்கு இழைத்த தீங்கும் முழுத் தீங்கே, அது எத்தனையில் ஒன்று என்று கணக்கிடத் தக்கதன்று என்பதை அவன் அறிந்திருந்தான்.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஓர் அரசு ஐயுறலாமா? ஐயுறலாம், உசாவலாம், காவல் வைக்கலாம். ஐயம் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாக இருக்கும் வரை அது அறிவின் கருவி. ஆராய்ச்சியின் முடிவாக அது அமர்ந்துவிடும்போது கொலைக்கருவியாகிறது. இவ்வெல்லையை அறிய மூன்று அடையாளங்களைச் சொல்லலாம். அவன் என்ன செய்தான் என்று கேட்பதை விட்டு, அவன் எத்தகையவன், எக்கூட்டத்தான் என்று மட்டும் கேட்கத் தொடங்கினால், எல்லை கடந்தாயிற்று. அவன் மறுப்பும் குற்றத்துக்கே சான்றானால், எல்லை கடந்தாயிற்று. அவனுக்காக ஒருவர் வாய் திறப்பதும் குற்றமானால், மீளமுடியாத தொலைவு கடந்தாயிற்று.

இவை அரசுகளுக்கு மட்டும் உரியன என்று நாம் ஒதுங்கிவிட வேண்டா. அரசு என்பது வானிலிருந்து இறங்கிய ஒன்றன்று. வீட்டிலும் பள்ளியிலும் சங்கத்திலும் பழகிய மனங்களே அதனை நடத்துகின்றன. பணிப்பெண்மீது, மருமகள்மீது, மாற்றுக் கருத்துடைய உறுப்பினர்மீது ஓர் ஐயம் எழும்போது, “கண்டீர்களா? அவர் சொல்வதைக் கேட்டீர்களா?” என்று ஒருவர் கேட்டால் போதும், அவ்வவையில் நீதிக்கு இடம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டு கேள்விகளையும் கேட்கக் கற்பிப்போம். அவற்றைக் கேட்டவரை இழுத்து அகற்றாத அவையினராக நாமும் இருப்போம்.